திருத்தி வாசிக்கவும்

என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களும் ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கிறது. தரையில் அந்த இடத்தில் நாலு பழைய சைக்கிள்களும் ஓர் உடைந்த கிரைண்டரும் இருக்கின்றன. ஐம்பத்துநாலு படி. டாக்டரிடம் போகும் நாள் தவிர அவள் கீழே இறங்குவதில்லை.

அதனால் அவளுக்குக் கோயில் என்றால் படுக்கையறையின் வடக்கு ஜன்னல்தான். கிழக்கே தலை வைத்துப் படுப்பாள். காலையில் வலப்பக்கம் திரும்பி எழுந்தால் ஜன்னல் நிறைய ராஜகோபுரம். கீழ் நிலைகள் இரண்டையும் வீடுகள் மறைத்துக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் தெரியும். படுத்தபடியே கைகூப்பி ஏதோ இரண்டு வரி முணுமுணுப்பாள். அதற்குப் பிறகுதான் காபி. அவளுக்கு இல்லாத காபி எனக்கும் இல்லை என்பதால் அந்தக் கோபுரத்தின் நிர்வாகத்தில் எனக்கும் நேரடியான அக்கறை இருந்தது.

எதிரே ஒரு காலிமனை. வாரிசுகள் ஆறு பேர், வழக்கு ஒன்று. வழக்கு இருக்கும்வரை அங்கே யாரும் எதுவும் கட்ட முடியாது என்று நான் வீடு வாங்கும்போதே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். கட்டவில்லைதான். ஒரு நாள் லாரியில் இரும்புத் தூண்கள் வந்தன. இரண்டு நாள் வெல்டிங். மூன்றாம் நாள் எங்கள் மாடியைவிட உயரமான ஒரு சட்டம் நின்றது. அன்று சாயங்காலம் அதில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள்.

கொள்ளிடத்துக்கு அப்பால் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளுக்கான விளம்பரம். ஒரு பால்கனியில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், வெள்ளைப் பைஜாமாவில் ஒரு தாத்தா. எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு கோபுரத்தைப் பார்க்கிறார்கள். நம்முடைய கோபுரம்தான். மேலே கொட்டை எழுத்தில்: "கண் விழித்ததும் கோபுர தரிசனம்!"

மறுநாள் காலையில் என் மனைவி வழக்கம்போல் திரும்பினாள், கைகூப்பினாள். ஒரு நொடி கழித்துத்தான் அது ஃபிளெக்ஸ் என்று அவளுக்குப் புரிந்தது. கூப்பிய கையை அப்படியே மார்பின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, அந்தக் கடன்காரன் படத்தையா நான் சேவிச்சேன்?"

நான் எழுந்து காபி போடப் போனேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மனு எப்படி எழுதுவது, யாருக்கு எழுதுவது, யாருக்கு நகல் போட்டால் யார் பயப்படுவார்கள், எத்தனை நாள் கழித்து நினைவூட்டு அனுப்புவது என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். மூளையைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். அன்றே உரிய அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பதினைந்து நாள் கழித்து நினைவூட்டு ஒன்று. இன்னும் பதினைந்து நாள் கழித்து நினைவூட்டு இரண்டு. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தப் பலகைக்கு யார், எந்த ஆணையின்படி அனுமதி கொடுத்தார்கள் என்று நாலு கேள்வி.

முப்பதாவது நாள் பதில் வந்தது. மேற்படி இடத்தில் விளம்பரப் பலகை ஏதும் இருப்பதாக இவ்வலுவலகப் பதிவேடுகளில் காணப்படவில்லை. எனவே தங்கள் கேள்விகள் இரண்டு முதல் நான்கு வரை எழவில்லை.

அதை மூன்று தடவை படித்தேன். எரிச்சலாக இருந்தது; கூடவே கொஞ்சம் மரியாதையும் வந்தது. நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு பதிலை எழுதியிருந்தால் மேலதிகாரி கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருப்பார். பலகை இருக்கிறது என்று பதிவு இல்லை. இல்லாத பலகையை எடுக்கச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவு போட முடியாது. முழுக்கச் சரி.

"என்ன எழுதியிருக்கா?" என்றாள் மனைவி.

"பலகையே இல்லைங்கறா."

"இல்லாத பலகைக்கா எட்டு விளக்கு போட்டிருக்கான்? திரை போட்டாலும் ரூம்ல வெளிச்சம் அடிக்கறதே."

"விளக்கைப் பத்தித் தனியா மனு போடணும்."

"போடுங்கோ போடுங்கோ. விளக்கும் இல்லைன்னு எழுதிடுவா. அப்புறம் நானும் இல்லைன்னு ஆயிடும்."

மோர்சாதம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அவள் இன்னொன்று சொன்னாள். "ஆபீஸ்ல இருக்கச்சே மாசத்துக்கு நாலு பிழைதிருத்தம் போடுவேளே. அதுக்கெல்லாம் யார்கிட்ட மனு கொடுத்தேள்? தப்புன்னு தெரிஞ்சா போடறதுதானே? இந்தப் பலகைல இருக்கறது அத்தனையும் தப்பு. ஒண்ணு போட்டுவிடுங்கோளேன்."

அலுவலகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆணை வெளியான பிறகு அதில் தவறு இருப்பது தெரிந்தால், ஆணையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத முடியாது. ஒரு தனிக் காகிதம் வரும். அதில், இன்ன ஆணையில் இன்ன பத்தியில் இப்படிக் காணப்படுவதை இப்படித் திருத்தி வாசிக்கவும் என்று இருக்கும். அவ்வளவுதான். கோபம் கிடையாது, மன்னிப்பு கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. பழைய பொய்யும் புதிய உண்மையும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும்.

நான் அன்று மத்தியானம் தூங்கவில்லை. முதல் வரைவு இப்படி இருந்தது:

"பிழைதிருத்தம். எதிரில் உள்ள விளம்பரத்தில் 'கண் விழித்ததும் கோபுர தரிசனம்' எனக் காணப்படுவதை 'எதிர்வீட்டாரின் கோபுர தரிசனம் மறைக்கப்பட்டு, அதற்கு ஈடாகப் படம் வழங்கப்பட்டுள்ளது' எனத் திருத்தி வாசிக்கவும். 'ஸ்ரீரங்கத்தின் இதயத்தில்' எனக் காணப்படுவதை 'ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டி, பஸ் வந்தால்' எனத் திருத்தி வாசிக்கவும். 'பள்ளி, மருத்துவமனை, கோயில் அனைத்தும் நடக்கும் தூரத்தில்' என்பதில் நடப்பவர் யார் என்பது விடுபட்டுள்ளது. படத்தில் காணும் குடும்பத்தினர் சிரிப்பதற்கான காரணம் இணைக்கப்படவில்லை."

மனைவி படித்துவிட்டு, கடைசி வரியில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

பெரிய எழுத்தில் நான்கு பிரதி எடுத்துக்கொண்டு கீழே போய், பலகையின் இரும்புத் தூண்களில் ஆள் உயரத்தில் கோந்து வைத்து ஒட்டிவிட்டு வந்தேன். காலை பத்து மணிக்கு, வேட்டி சட்டையுடன், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஒட்டினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அரசாங்கக் காகிதம் போலத் தெரியும் எதையும் நம் ஊரில் ஒட்டுபவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

சாயங்காலம் பார்த்தால் நான்கையும் மாடு தின்றிருந்தது.

கே.கே. நகரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய பங்குக் கோயில் திருவிழாவுக்கு இருபது வருடமாகச் சுவரொட்டி அச்சடித்து ஒட்டும் பொறுப்பு அவருடையது. நான் போனில் நடந்ததைச் சொன்னதும் அரை நிமிடம் சிரித்தார்.

"கோந்து வெச்சா ஒட்டுனீங்க? என்ன சாமி நீங்க! மைதாவைக் காய்ச்சி, அதுல மயில்துத்தம் ஒரு துண்டு போடணும். கசக்கும். மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும்."

மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையப் பசையுடன் பஸ் ஏறி வந்துவிட்டார். மேலே வந்து என் மனைவிக்கு வணக்கம் சொல்லி, ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க சர்ச் கோபுரத்தை எவனாவது இப்படி மறைச்சிருந்தா நான் பசையோட நிக்க மாட்டேன்மா," என்றார்.

"நீங்க எங்க நிப்பேள்? நீங்களும் இவரை மாதிரி மனுதான் எழுதுவேள்," என்றாள் அவள்.

அவர்தான் எனக்கு அந்தப் பெயரைச் சொன்னார். வெளிநாடுகளில் இதற்கென்றே கூட்டம் இருக்கிறதாம். கல்ச்சர் ஜாமிங் என்று பெயராம். விளம்பரத்தின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதன் குரலிலேயே பேசி, அதையே கவிழ்ப்பது. ஏணி வைத்து ஏறிப் பலகைகளில் எழுத்தை மாற்றுவார்களாம், வண்ணம் அடிப்பார்களாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து நூற்று நாற்பது வயது; ஏணி என்ற பேச்சுக்கே இடமில்லை. தவிர, நான் போட்டுக்கொண்டது விளம்பரத்தின் உடையை அல்ல, அரசாங்கத்தின் உடையை. அது எனக்கு அளவெடுத்துத் தைத்தது.

இந்த முறை காகிதம் நின்றது. மாடுகள் வந்து மோந்துவிட்டு அவமானப்பட்டவை போலத் திரும்பிப் போயின.

பலகையின் நிழலில் ஓர் அம்மாள் பூ விற்பாள். லால்குடிப் பக்கத்துக் கிராமம். முதல் பஸ்ஸில் கூடையுடன் வந்துவிடுவாள். அவளுக்குக் காகிதத்தைப் படித்துக் காட்டியது யார் என்று தெரியவில்லை. நான்கு நாளில் மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள். பூ வாங்க வருபவர்களுக்கு இலவசமாகப் பிழைதிருத்தமும் கிடைத்தது.

"நடக்குறவங்க யாருன்னு எழுதலையாம்! கேட்டாரு பாரு ஐயா!" என்று அவள் சத்தமாகச் சொல்வது மூன்றாம் மாடிக்குக் கேட்கும். என் மனைவி படுக்கையில் இருந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனால் நான் கீழே போனபோது அந்தப் பூக்கார அம்மாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஐயா, எழுதுங்க, நல்லா எழுதுங்க. பலகையை மட்டும் எடுக்க வெச்சிராதீங்க. இத்தனை வருசமா வெயில்ல கெடந்தேன். இப்பத்தான் தலைக்கு மேல நெழல் விழுது."

இதற்கு என்ன பதில் சொல்வது? எந்த நடைமுறை நூலிலும் இல்லை. இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்கள் நின்று படம் எடுத்தார்கள். படம் போனுக்குப் போன் தாவியது. என் தம்பி பையன் பெங்களூரிலிருந்து, யார் எழுதியது என்று தெரியாமலே, எனக்கே அனுப்பிவைத்தான். பிறகு வேண்டுகோள்கள் வந்தன. நண்பர் தென்னூரில் ஒரு கோச்சிங் சென்டர் பலகையைக் காட்டி, தன் பழைய மாணவனின் முகம் அதில் இருப்பதாகவும், அவன் அந்தப் படியையே மிதித்ததில்லை என்றும் சொன்னார். அதற்கு எழுதிக் கொடுத்தேன்: "'எங்கள் மாணவர்' எனக் காணப்படுவதை 'தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்களுடன் படம் எடுத்துக்கொண்ட மாணவர்' எனத் திருத்தி வாசிக்கவும்." நண்பரே ஒட்டினார். இரண்டே நாளில் அந்த முகம் பலகையிலிருந்து போய்விட்டது.

அந்த வெற்றிதான் என் கண்ணை மறைத்தது. அங்கே ஒரு முகம் போனால் இங்கே ஒரு கோபுரம் வரும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பலகைக்கு இரண்டாவது, மூன்றாவது பிழைதிருத்தங்கள் எழுதினேன். 'காவிரித் தென்றல்' என்பதை 'மேம்பாலத்துப் புழுதி' என்று திருத்தினேன். இந்த உற்சாகத்தில்தான் தவறு செய்தேன். எந்த அலுவலகத்தின் பெயரையும் நான் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அந்த எச்சரிக்கை எல்லாம் இருந்தது. ஆனால் காகிதத்தின் இடது மூலையில் அரசுக் கடிதங்களில் கோப்பைக் குறிக்கப் போடும் 'ந.க. எண்' என்று எழுதி, ஓர் எண்ணும் தேதியும் போட்டிருந்தேன். முதல் காகிதத்திலிருந்தே அப்படித்தான். முப்பத்தாறு வருடம் எண் இல்லாமல் ஒரு காகிதத்தையும் வெளியே விடாத கை அது. எண் போடாவிட்டால் பிள்ளையார்சுழி போடாதது மாதிரி கூசியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அழைப்புமணி அடித்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஸ்வீட் பெட்டி, மூன்று மாடி ஏறியதில் மூச்சிரைப்பு. அந்தக் கட்டுமானக் கம்பெனியின் விளம்பரப் பிரிவு மேலாளர் என்றாள்.

"பிழைதிருத்தம் போடுற சார் வீடு எதுன்னு பூக்கார அம்மாகிட்ட கேட்டேன் சார். கை காட்டிட்டாங்க."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, விதிகளை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். அவளோ ஸ்வீட் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"சார், தேங்க்ஸ் சொல்லத்தான் வந்தேன். உங்க நோட்டீஸ் செம ரீச் சார். ஆறு மாசமா நாங்க செஞ்ச விளம்பரம் ஒண்ணைக்கூட ஜனங்க நின்னு படிச்சதில்ல. இப்ப ஃபோட்டோ எடுத்து ஷேர் பண்றாங்க. எம்.டி. ரொம்ப ஹாப்பி. அடுத்த டிசைனே உங்க ஸ்டைல்லதான் பண்ணியிருக்கோம்."

"என் ஸ்டைலா?"

"ஆமா சார். நாளைக்கு மாட்டுறோம். இன்னும் ரெண்டு மூணு லைன் நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

உள்ளே இருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏன்னா, அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லுங்கோ."

அந்தப் பெண் படுக்கையறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மனைவி ஜன்னலைக் காட்டினாள்.

"இங்க உக்காரும்மா. என்ன தெரியறது சொல்லு."

அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "எங்க ஹோர்டிங்தான்மா தெரியுது."

"அதுக்குப் பின்னாடி?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. "சாரிம்மா," என்றாள் மெதுவாக. "இது எனக்குத் தெரியாது. ஆனா லொக்கேஷன் நான் முடிவு பண்றதில்லம்மா."

"யார் பண்றா?"

"அது வேற டீம்."

எனக்கு உடனே பழக்கமான ஒரு வாசனை அடித்தது. வேறு பிரிவு, வேறு இருக்கை, வேறு கோப்பு. இந்தப் பதிலை எத்தனை ஆயிரம் பேருக்கு நானே சொல்லியிருப்பேன்.

வாசலில் செருப்புப் போடும்போது, எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் இன்னொன்றையும் சொன்னாள். "எல்லாம் முறைப்படி ஆயிருச்சு சார். உங்க நோட்டீஸ்ல ந.க. நம்பர் இருந்துச்சுல்ல, ஆபீஸ்லேருந்து வந்ததுன்னு எங்க லீகல் டீம் நெனச்சுட்டாங்க. அது சொன்னபடி விளம்பரத்தைத் திருத்திட்டோம், பர்மிஷன் குடுங்கன்னு அப்ளை பண்ணிட்டாங்க."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் உரிய அலுவலகத்துக்குப் போனேன். இருக்கையில் இருந்தவர் என்னை அறிந்தவர்; எழுந்து நின்று நாற்காலி போட்டார். கோப்பைக் காட்டினார். புதிய அட்டை, புதிய நாடா. முதல் பக்கத்தில் என் காகிதம், தூணிலிருந்து உரித்தது, மைதாப் பசையின் காய்ந்த ஓரங்களுடன். அதற்குப் பக்க எண் ஒன்று.

"இது நான் எழுதினது. இந்த எண் எந்தப் பதிவேட்டுலயும் இருக்காது," என்றேன்.

"தெரியும் சார். பாத்ததுமே உங்க எழுத்துன்னு சொல்லிட்டோம். இவ்வளவு சுத்தமா இப்ப யாரு எழுதுறாங்க? ஆனா அவங்க இணைச்சுட்டாங்க. இணைப்போட விண்ணப்பம்னு வந்தா கோப்பு தொடங்கித்தானே ஆகணும்?"

"தொடங்கணும்."

"தொடங்கினா முடிவு எடுக்கணும்."

"எடுக்கணும்."

"உயரம், அகலம், மின்கம்பி தூரம் எல்லாம் பாத்தாச்சு. சரியா இருக்கு. நிலத்துக்காரங்க ஆறு பேரும் வழக்கை ஒரு பக்கமா வெச்சுட்டு இதுல மட்டும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மறுக்கக் காரணம் வேணுமே சார்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அனுமதிக்குத்தான் குறிப்பு எழுதியிருப்பேன். இத்தனை நாளும் அந்தப் பலகை காகிதத்தில் இல்லாமல் இருந்தது. காகிதத்தில் இல்லாததை ஒரு பெருங்காற்று வந்து சாய்த்திருந்தால் மறுபடி நிமிர்த்த யாருக்கும் உரிமை இருந்திருக்காது. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான்.

வீடு திரும்பியபோது புதிய ஃபிளெக்ஸ் மாட்டியிருந்தார்கள். சிரிக்கும் குடும்பம் போயிருந்தது. பழுப்புக் காகிதம் போன்ற பின்னணி, தட்டச்சு எழுத்து, மூலையில் வட்டமாகப் போலி முத்திரை. "பிழைதிருத்தம்: 'வீடு' எனக் காணப்படுவதை 'வைகுண்டம்' எனத் திருத்தி வாசிக்கவும்." கீழே போன் நம்பர். கீழ்ப்பாதியில் அதே கோபுரம், முன்பைவிடச் சிறியதாக.

பூக்கார அம்மாள் எழுந்து வந்துவிட்டாள். "ஐயா! உங்க எழுத்தை எம்மாம் பெருசா போட்டுட்டாங்க!" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எனக்குக் கை கொடுத்தார்கள்.

விடவில்லை. இன்னொரு காகிதம் எழுதினேன், இந்த முறை எண் இல்லாமல். "மேலே காணப்படும் பிழைதிருத்தம் போலியானது. 'வைகுண்டம்' எனக் காணப்படுவதை மீண்டும் 'வீடு' எனத் திருத்தி வாசிக்கவும்." நண்பர் பசையுடன் வந்தார். ஒட்டிவிட்டு எதிர்ப்புறம் நின்று பார்த்தோம். ஸ்கூட்டரில் வந்த ஒரு தம்பதி நிறுத்திப் படித்தார்கள். கணவன் சிரித்தான். "பாரேன், இதுக்கும் ஒண்ணு ஒட்டியிருக்காங்க. நல்ல ஐடியா பிடிக்கிறாங்கப்பா இந்தக் கம்பெனிக்காரங்க." மனைவி இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

நண்பர் தூக்குவாளியைத் தரையில் வைத்தார். "சாமி, இனிமே நீங்க என்ன எழுதுனாலும் அது அவன் எழுதுனதுதான்."

எங்கள் பக்கத்தில் எதுவும் மிச்சமில்லை. திட்டி எழுதினாலும் அது அவனுக்கு விளம்பரம். நான் முப்பத்தாறு வருடம் பழகிய மொழி, கோபமே தெரியாத அந்த வறட்டு மொழி, இப்போது எட்டு விளக்கு வெளிச்சத்தில் நின்று வீடு விற்கிறது. வெளிநாட்டில் ஏணி வைத்து ஏறுபவர்களுக்கும் இப்படித்தான் முடிகிறதா என்று நண்பரைக் கேட்டேன். பெரும்பாலும் இப்படித்தான் என்றார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அனுமதி ஆணையின் நகல் எனக்கும் வந்தது, மனுதாரர் என்ற முறையில். மூன்று வருடத்துக்கு அனுமதி. ஆணைக்கு ஆதாரமாகக் காட்டும் ஆவணங்களில், அதாவது 'பார்வை'யில், முதலாவது: என் பிழைதிருத்தம். கடைசிப் பத்தியில், தங்கள் மனுக்கள் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை என முடிக்கப்படுகிறது என்று இருந்தது.

"எத்தனை நாளைக்காம்?" என்றாள் மனைவி.

"மூணு வருஷம். அப்புறம் புதுப்பிக்கலாம்."

அவள் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் நேராகக் காபி கேட்டுவிடுகிறாள். அந்தக் காபி எனக்கு இறங்குவதில்லை.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கென்று படிவம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே கையெழுத்திட வேண்டும். அது என் மனைவி. ஆட்சேபத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள்: போக்குவரத்துக்கு இடையூறு, கட்டமைப்பில் உறுதியின்மை, மின்கம்பிக்கு அருகாமை, ஆபாசம், இதர. முதல் நான்கும் பொருந்தவில்லை. ஐந்தாவதற்கு எதிரே இரண்டு வரி எழுதத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

தனித்தாளில் நான் முக்கால் பக்கம் எழுதினேன். இயற்கை வெளிச்சம், காற்றோட்டம், மூத்த குடிமக்களின் நலன், வழிபாட்டு உரிமை, பார்வையில் கண்டுள்ள ஆவணத்தின் செல்லாத்தன்மை. நல்ல வரைவு. அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

"'மேல்முறையீட்டாளர்'னு வருதே, அதான் நீ."

"அவ யாரோ. நான் சொல்றேன், எழுதுங்கோ. அந்த ரெண்டு வரியிலயே எழுதுங்கோ." கொஞ்சம் யோசித்தாள். "காலம்பற எழுந்தா எனக்குக் கோபுரம் தெரிஞ்சுண்டிருந்தது. இப்போ தெரியலை."

"சரி. 'மேல்முறையீட்டாளருக்கு இதுகாறும் கிடைத்துவந்த…'"

"திருத்தாதீங்கோ."

என் முன்னால் யாரும் எழுதியதை நான் திருத்தாமல் விட்டதில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னபடியே எழுதினேன். அதன் கீழே அவள் தன் பெயரைப் போட்டாள்.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருக்கையில் இருந்தவர் படிவத்தைப் புரட்டி, அந்த இடத்தில் நின்றார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். நான் என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்.

ஐம்பத்துநாலு படி ஏறி வந்தேன். மனைவி விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வாங்கிண்டாளா?"

"வாங்கிண்டா."

"படிச்சாளா?"

"ஒருத்தர் படிச்சார். ரெண்டு தடவை."

"என்ன சொன்னார்?"

"'இதர'ல வர்றதெல்லாம் கடைசியாத்தான் எடுப்பாளாம். நாளாகும்னார்."